கசியும் சைலன்சர்: ஒட்டுவதா, மாற்றுவதா?

சைலன்சரின் அடிவயிற்றில் வெள்ளையாக ஓர் உப்புக் கோடு ஓடியிருந்தது. அதன் ஓரமெல்லாம் கரி. கீழே, படகின் அடிக்குழியில், இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் கறுத்த தண்ணீர். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் அன்னாபொலிஸில், செசபீக் விரிகுடாவை ஒட்டிய ஓர் ஓடையில் கட்டியிருந்த 34 அடி பாய்மரப் படகு அது. நண்பருடையது, வயது முப்பதைத் தாண்டிவிட்டது. "போன மாசம்தான் ஒட்டினேன். மறுபடி ஒழுகுது பாருங்க" என்றார். ஒட்டியிருந்தது கடையில் கிடைக்கும் எபாக்ஸி மாவு. பிசைந்து அப்பி, கட்டைவிரலால் இழுத்துத் தேய்த்த தடம்கூட அதில் அப்படியே இருந்தது. மூன்று வாரம் தாங்கியிருக்கிறது.

இந்தக் கசிவைப் பற்றிப் படகுக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு கட்சி தெரியும். பைபரால் செய்த படகையே ஒட்டி ஓட்டுகிறோம், பைபரால் செய்த சைலன்சரை ஒட்ட முடியாதா என்பது ஒரு கட்சி. புகை போகிற வழியில் ஒட்டு வேலையே கூடாது, கழற்றி வீசிவிட்டுப் புதிது வாங்கு என்பது மற்றொன்று. இரு தரப்புக்கும் அனுபவம் உண்டு, இரு தரப்பும் சொல்வது சில படகுகளில் சரியாகவும் இருந்திருக்கிறது. ஆனால் சண்டை முழுக்க எதைப் பூசுவது என்பதைப் பற்றியே நடக்கிறது. சைலன்சர் ஏன் ஒழுகத் தொடங்கியது என்று கேட்பவர்கள் குறைவு. அதைக் கேட்டுவிட்டால் ஒட்டுவதா மாற்றுவதா என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடுகிறது.

சைலன்சர் என்றதும் நமக்குக் கண்முன் வருவது மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டுக் குழாய். கடற்கரைக்காரர் என்றால் காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ விசைப்படகின் கூரைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் இரும்புக் குழாய். அவற்றுக்குள் போவது வெறும் புகை. சூடு அப்படியே வெளியேறும், தொட்டால் தோல் உரியும். உல்லாசப் படகில் இது நடக்காது. அங்கே எஞ்சின் படிக்கட்டுக்கு அடியில், ஆள் படுக்கும் மெத்தைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அந்த இடுக்கில் கொதிக்கும் குழாயை இழுத்துக்கொண்டு போக முடியாது. அதனால் எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வரும் கடல்நீரையே புகைக்குள் பீய்ச்சிவிடுகிறார்கள். எல்போ எனும் வளைவில் இரண்டும் கலக்கின்றன. சுமையோடு ஓடும் டீசல் எஞ்சினின் புகை 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். கடல்நீர் கலந்ததும் ஒரு சாண் தூரத்துக்குள் 50, 60 டிகிரிக்கு இறங்கிவிடும். அதன் பிறகு ரப்பர் ஹோஸே போதும்.

எல்போவுக்குக் கீழே வைத்திருக்கும் உருளைதான் நம் சைலன்சர். தண்ணீரும் புகையும் ஒரு வாய் வழியாக உள்ளே விழும். வெளியேறும் குழாயோ உருளையின் அடிவரை இறங்கி நிற்கும். தேங்கிய தண்ணீர் அந்தக் குழாயின் வாயை மூடியதும் புகைக்குப் போக வழியில்லை. அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி, மேலே ஒரு வளைவைத் தாண்டவைத்து, படகின் பின்பக்கத் துளை வழியே துப்பவைக்கும். இந்த வகைப் படகு ஓடும்போது பின்னால் விட்டுவிட்டுத் தண்ணீர் துப்பும் சத்தம் இதனால் வருவது. எஞ்சினை நிறுத்தினால் ஹோஸில் பாதி வழி ஏறியிருந்த தண்ணீர் திரும்பி இறங்கி உருளைக்குள் தேங்கிவிடும். ஆகவே சைலன்சர் எப்போதும் சில லிட்டர் உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டே இருக்கிறது. அடியில் விரிசல் விழுந்தால் படகு கட்டிக் கிடக்கும் இரவிலும் சொட்டும்.

உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். பெரும்பாலான எஞ்சின்களுக்குச் சதுர அங்குலத்துக்கு ஒன்றரை பவுண்டு என்பதே மேல் எல்லை. கார் டயரில் முப்பது பவுண்டு நிற்கிறது. இவ்வளவு குறைந்த அழுத்தத்துக்கு எதை அப்பினாலும் கொஞ்ச நாள் நிற்கத்தான் செய்யும். ஒட்டுக் கட்சிக்காரர்களின் தன்னம்பிக்கை இங்கிருந்து பிறப்பது என்பது என் ஊகம்.

இரும்பை விட்டுப் பைபருக்கு வந்ததற்குக் காரணம் துரு. சூடான உப்புத் தண்ணீரோடு டீசலின் கந்தகம் சேர்ந்தால் நீர் அமிலமாகிறது. அது இரும்பைச் சீக்கிரம் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வாங்கியதுகூட, பற்றவைத்த இடங்களில் குழிவிழுந்து ஓட்டையாகும். பைபருக்கு அந்த நோய் இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் தாமஸ்வில் ஊரிலிருந்து வரும் சென்டெக், இங்கிலாந்தின் ஹால்யார்ட் ஆகிய பெயர்கள் பைபர் சைலன்சருக்குத் தெரிந்தவை. நெதர்லாந்தின் வீடஸ் நிறுவனம் சிறிய படகுகளுக்குப் பிளாஸ்டிக்கிலேயே வார்த்துத் தருகிறது. பிளாஸ்டிக் உருளை உருகினால் உருகியதுதான், யாரும் ஒட்ட நினைப்பதில்லை. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த பைபரைக் கண்டால்தான் கை ஊறுகிறது.

ஒழுகும் வழிகளைப் பார்ப்போம். முதலில் சொல்ல வேண்டியது, சைலன்சர் ஒழுகுகிறது என்று கழற்றப்படுபவற்றில் சில ஒழுகவே இல்லை என்பது. எல்போவின் அடியிலோ ஹோஸ் மாட்டிய இடத்திலோ கசியும் நீர், சைலன்சரின் முதுகு வழியே இறங்கி அடியில் திரண்டு சொட்டும். பார்ப்பவர் அடியில் ஓட்டை என்று நினைப்பார். உலர்ந்த துணியால் துடைத்து, டிஷ்யூ காகிதத்தை மேலிருந்து கீழாக ஒவ்வோர் இடமாக ஒற்றிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கிளாம்ப்பை மாற்றினால் வேலை முடிந்தது. படகுகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏபிஒய்சியின் பி-1 தரம் இந்த ஹோஸ் முனைகளுக்கு இரட்டைக் கிளாம்ப் கேட்கிறது. பழைய படகுகளில் ஒன்றுதான் இருக்கும், அதுவும் துருவேறி.

அடுத்தது நிப்பிள், அதாவது ஹோஸ் ஏறும் குட்டைக் குழாய். உள்ளே கம்பிச் சுருள் வைத்த ஹோஸ் கனமானது. தண்ணீர் நிரம்பினால் இன்னும் கனம். அதை எங்கும் தாங்கிப்பிடிக்காமல் சைலன்சரில் தொங்கவிட்டிருப்பார்கள். எஞ்சினோ ரப்பர்க் கால்களில் நின்று குலுங்குகிறது, சைலன்சர் பட்டை போட்டு இறுக்கிக் கிடக்கிறது. நடுவில் வாங்கிக்கொள்வது நிப்பிளின் வேர். வருடக்கணக்கில் ஆட்டியதும் அங்கே மயிரிழை விரிசல் விழும். கசிகிறதே என்று கிளாம்ப்பை மேலும் முறுக்கி நிப்பிளையே நசுக்கியவர்களும் உண்டு. வடிகால் திருகுக்கும் இதே கதி. அடியில் இருக்கும் அந்தத் திருகை ஓங்கி முறுக்கினால் அதைச் சுற்றியுள்ள பைபர் பிளக்கும். செசபீக்கில் பனிக்காலமும் ஒரு காரணம். தண்ணீர் உறைந்தால் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுகிறது. படகைக் கரையேற்றும்போது எஞ்சின் வழியாக இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவத்தை ஓட்டி, பின்பக்கத் துளையில் அந்த நிறம் வரும்வரை காத்திருப்பது அங்கே இலையுதிர் காலச் சடங்கு. அதை மறந்தவர் வசந்தத்தில் பிளந்த சைலன்சரைக் காண்பார்.

இவையெல்லாம் வெளிக்காயங்கள், ஒட்டினால் ஆறும். வெப்பக் காயம் வேறு ஜாதி.

கடல்நீரை இழுக்கும் பம்ப்பில் ரப்பர் இதழ்கள் கொண்ட ஒரு சக்கரம் சுழல்கிறது, இம்பெல்லர் என்பார்கள். இதழ் முறிந்தாலோ, கடல்நீர் வால்வைத் திறக்க மறந்தாலோ, வடிகட்டியில் பாசியோ பிளாஸ்டிக் பையோ அடைத்தாலோ நீர் நிற்கும். செசபீக்கில் கோடைக்காலத்துச் சொறிமீன்களே இதற்குப் போதும். வால்வு வழியாக உறிஞ்சப்பட்டு வடிகட்டியில் கூழாகிவிடும். நீர் நின்ற கணத்திலிருந்து சைலன்சருக்குள் போவது 60 டிகிரிப் புகை இல்லை, முழுச் சூட்டுப் புகை. இதற்காக அமெரிக்காவில் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். புகை ஹோஸுக்கான எஸ்ஏஇ ஜே2006 தரத்தின்படி, குளிர்நீர் முற்றிலும் நின்ற நிலையில் எஞ்சின் முழு வேகத்தில் இரண்டு நிமிடம் ஓடினாலும் ஹோஸ் தாங்க வேண்டும். சைலன்சர் போன்ற பாகங்களுக்கு யுஎல் 1129 என்று தனித் தரம் இருக்கிறது.

இரண்டு நிமிடம் என்பது ஓட்டுநர் கவனித்து எஞ்சினை நிறுத்தக் கிடைக்கும் அவகாசம். கவனிக்க என்ன இருக்கிறது என்பதில்தான் கோளாறு. முன்பலகையில் இருக்கும் வெப்பமானி எஞ்சினுக்குள் சுழலும் நன்னீரின் சூட்டைக் காட்டுவது. கடல்நீர் நின்றாலும் அந்த நன்னீர் கொஞ்ச நேரம் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். முள் மெதுவாக ஏறி எச்சரிக்கை மணி அடிக்கும்போது சைலன்சர் வெந்து முடிந்திருக்கும். இதனால்தான் எல்போவை அடுத்த ஹோஸிலேயே சூடு உணரும் தனி அலாரம் ஒன்றைக் கட்டச் சொல்கிறார்கள். அதன் விலை ஒரு புது சைலன்சரின் விலையைவிடக் குறைவு. ஆனாலும் பத்துப் படகில் எத்தனையில் பார்த்தேன் என்று சொன்னால் யாருக்கும் பெருமை இருக்காது.

வெந்த பைபருக்கு என்ன ஆகிறது? இழை அப்படியே இருக்கும், அது கண்ணாடி. இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின்தான் இளகி, கருகி, பொரிந்து போகும். அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருக்கும் தடுப்புப் பலகை பிடி விட்டு ஆடும். வெளித்தோல் பெரும்பாலும் பழைய பளபளப்போடேயே இருக்கும். கசியும் தண்ணீர் கருகிய அடுக்குகளுக்கு நடுவே ஊர்ந்து, உள்ளே நுழைந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி வெளிவரும். அங்கே ஒட்டினால் இன்னும் ஒரு சாண் தள்ளி வரும். நண்பரின் மூன்று வார ஒட்டுக்கு நடந்தது இதுதான் என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"எப்பவாவது எஞ்சின் சூடாச்சா?" என்று கேட்டேன். "இல்லவே இல்லை. மணி ஒரு தடவைகூட அடிச்சதில்லை" என்றார்.

கழற்றினோம். எழுதும்போது ஒரு சொல், செய்யும்போது ஒரு முழு மாலை. ஹோஸ்கள் நிப்பிளோடு ஒன்றிப்போயிருந்தன. வெந்நீர் ஊற்றி, மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரை நுழைத்துச் சுற்றி, கடைசியில் ஒன்றை அறுத்தே எடுத்தோம். நல்ல தண்ணீரில் கழுவி, வாய்களை அடைத்து, உருளையை நிரப்பி, செய்தித்தாள் விரித்து அதன் மேல் இரவு முழுக்க நிறுத்தினோம். காலையில் தாளில் இரண்டு ஈர வட்டம். ஒன்று மாவு அப்பிய இடத்துக்கு நேர் கீழே. மற்றது அதற்கு எதிர்ப்பக்கம், நாங்கள் சந்தேகப்படாத இடம்.

பிறகு நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். தேங்காய் வாங்குகிறவர் சுண்டிப் பார்ப்பதைப் போன்ற வேலை. கெட்டியான பைபர் 'டிக்' என்று சொல்லும், அடுக்கு பிரிந்தது 'டொப்' என்று சொல்லும். மேல் பாதி டிக். நுழைவாய்க்கு எதிரே, சூடான புகை நேராக மோதும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு டொப். வாய் வழியே டார்ச் அடித்துப் பார்த்தால் உள்சுவர் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. விரலை விட்டுச் சுரண்டினேன், இழை நூல் நூலாகக் கையோடு வந்தது.

இந்த நிலைக்கு மருந்து இல்லை. ஆனால் ஒட்டக்கூடிய சைலன்சர்களும் உண்டு என்பதால் எப்படி ஒட்டுவது என்பதையும் பேசியாக வேண்டும். இங்கே வாதம் ரெசினைப் பற்றியது. பாலியெஸ்டர் மலிவு, ஆனால் ஏற்கெனவே இறுகிய பைபர் மேல் அதன் பிடி போதாது. எபாக்ஸி ஏறக்குறைய எதிலும் ஒட்டும். அதனால் கடைக்காரர் முதல் பக்கத்துப் படகுக்காரர் வரை எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அறைச் சூட்டில் இறுகும் சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சைலன்சர் தினமும் வேலை செய்யும் சூடு அதே எல்லையில் இருக்கிறது. ஒட்டியதும் விளக்கு வைத்துச் சில மணி நேரம் சூடாக்கிப் பதப்படுத்தினால் தாங்கும் அளவு உயரும். அதற்கென்றே உள்ள உயர்வெப்ப எபாக்ஸிகளும் கிடைக்கின்றன. நடுவில் நிற்பது வினைல் எஸ்டர். 100 டிகிரியைத் தொட்டுப் பார்க்கும், பழைய பைபரிலும் பாலியெஸ்டரைவிட நன்றாகப் பிடிக்கும். என் ஓட்டு அதற்கே. ஆனால் டின்னில் அதன் ஆயுள் குறைவு, சிறிய அளவில் வாங்கவும் அலைய வேண்டும்.

ரெசினைவிடத் தயாரிப்பு முக்கியம். நிப்பிளின் வேரில் விரிசல் என்றால், உப்புப் போகும்வரை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்து, பல நாள் உலரவிட வேண்டும். கரி ஒரு துளி இருந்தாலும் ஒட்டு உரிந்துவிடும், அதனால் அசிட்டோனால் துடைக்க வேண்டும். பிறகு விரிசலைச் சுற்றி முரட்டு உப்புத்தாளால், ஓரத்தில் மெலிந்து நடுவில் ஆழமாக, சரிவாகத் தேய்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலம் என்பது படகுப் பட்டறைக் கணக்கு. அந்தச் சரிவில் அடுக்கடுக்காகத் துணி வைத்து, ஒவ்வோர் அடுக்கிலும் காற்றுக் குமிழை உருட்டி எடுக்க வேண்டும். எபாக்ஸி என்றால் சாதாரண மேட், அதாவது நெய்யாத இழை விரிப்பு, வேண்டாம். மேட்டில் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரிலும் வினைல் எஸ்டரிலும் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகப் போட்டது. எபாக்ஸியில் கரையாமல் விறைப்பாகவே நிற்கும். நெய்த துணிதான் அதற்கு ஏற்றது.

நாகப்பட்டினம் பக்கம் வளர்ந்தவன் என்பதால் எனக்கு இந்த வேலையின் வாசனை புதிதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் ஆயிரக்கணக்கில் பைபர் படகுகள் இறங்கின. கூடவே கொட்டகைகளில் மேட் வெட்டி ரெசின் பூசும் ஒரு தலைமுறையும் உருவானது. ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரையும் அதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேருக்கு நேர் கலந்தால் வெடிக்கும், ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும் என்பது அங்கே எடுபிடிப் பையனுக்கும் தெரியும். தன் படகைத் தானே பழுதுபார்க்கும் அமெரிக்கருக்கு இது பெரும்பாலும் தெரியாது. தெரியத் தேவையும் இல்லை, கோபால்ட் முன்பே கலந்த ரெசின்தான் அவருக்குக் கடையில் கிடைக்கிறது. பைபர்த்தூள் அரிப்பு மட்டும் இரு கரைக்கும் பொது.

நடுக்கடலில் ஒழுகினால் இந்தப் பாடமெல்லாம் உதவாது. தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கோன் நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றலாம். எபாக்ஸி மாவும் அங்கேதான் நியாயமாகப் பயன்படும். எஞ்சின் வேகத்தைக் குறைத்துத் துறை சேர அது போதும். துறை சேர்ந்ததும் அதை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

மறக்கக் கூடாததற்குக் காரணம் தண்ணீர் இல்லை. தண்ணீர் அடிக்குழிக்குப் போகும், பம்ப் இறைத்துவிடும். 30 குதிரைத்திறன் டீசல் எஞ்சினின் கடல்நீர்ப் பம்ப் நிமிடத்துக்குப் பதினைந்து இருபது லிட்டர் தள்ளும் என்பதால், சைலன்சர் முழுதாகப் பிளந்தால் படகின் எஞ்சினே படகை நிரப்பும் என்ற கவலை நியாயமானது. ஆனால் தண்ணீர் வரும் விரிசல் வழியாகப் புகையும் வருகிறது. கரிக்கோடு அதற்குச் சாட்சி. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். டீசலில் அதன் அளவு குறைவு, பெட்ரோல் எஞ்சினிலும் பெட்ரோல் ஜெனரேட்டரிலும் உயிர் குடிக்கும் அளவு. 2000 ஆகஸ்டில் யூட்டா, அரிசோனா எல்லையிலுள்ள பாவெல் ஏரியில், வீட்டுப்படகு ஒன்றின் பின்புறத்துக்கு அடியில் தேங்கிய ஜெனரேட்டர் புகையில் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். அது கசிவு இல்லை, புகைவாய் வைத்திருந்த இடத்தின் கோளாறு. ஆனாலும் அந்தச் சாவுக்குப் பிறகே படகுப் புகையை அமெரிக்க அரசு அமைப்புகள் அளவெடுத்து ஆராயத் தொடங்கின. பெட்ரோல் எஞ்சின் படகாக இருந்தால், படுக்கும் அறைக்கு அடியில் இருக்கும் சைலன்சரில் ஒட்டு வேலையே வேண்டாம் என்பது என் கட்சி. டீசல் என்றாலும் உள்ளே மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஒட்டக் கூடாது.

புதிது வாங்குவதிலும் வலை உண்டு. சிறிய எஞ்சினுக்கான உருளை சில நூறு டாலரில் கிடைக்கிறது. பெரிய விசைப்படகுகளுக்கு அளவெடுத்துச் செய்யும் பெட்டிகளோ ஆயிரங்களில் போகும், வாரக்கணக்கில் காக்கவைக்கும். பழையதன் அளவில் கிடைக்கவில்லை என்று சிறியதை வாங்கி மாட்டினால், எஞ்சின் நின்றதும் ஹோஸிலிருந்து திரும்பி இறங்கும் தண்ணீரை அதனால் வாங்கிக்கொள்ள முடியாது. மீதித் தண்ணீர் எல்போ வழியே எஞ்சினுக்குள் ஏறும். ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை விடாமல் சுழற்றுகிறவர்களுக்கும் இதே ஆபத்து. பம்ப் தண்ணீரை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும், வெளியே தள்ளப் புகை இராது. வால்வை மூடிவிட்டுச் சுழற்ற வேண்டும்.

நண்பர் புதிதே வாங்கினார். அதை மாட்டுவதற்கு முன், எதற்கும் இருக்கட்டும் என்று கடல்நீர்ப் பம்ப்பின் மூடியைத் திறக்கச் சொன்னேன். இம்பெல்லர் புதிது, ஆறு இதழும் முழுசாக இருந்தது. "இதை எப்ப மாத்தினீங்க?" "நான் மாத்தலை. வாங்கும்போதே இப்படித்தான் இருந்துது." இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய படகு.

பம்ப்பைத் தாண்டிய கடல்நீர் எஞ்சினின் நன்னீரைக் குளிர்விக்கும் இடமான வெப்பமாற்றியின் பக்கவாட்டு மூடியையும் கழற்றினோம். கடல்நீர் நுழையும் குழல்களின் வாயில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பியால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் போட்டார். ரப்பர் இதழ்கள். எண்ணினோம், நான்கு.

பழைய சைலன்சரைக் கரையில் வைத்து ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். உள்ளே தடுப்புப் பலகை தனியாகக் கிடந்தது. எதிர்ச்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ரெசினே இல்லை. வெளிப்பக்கம், அந்த இடத்துக்கு நேராக, அவர் அப்பிய எபாக்ஸி மாவு கட்டைவிரல் தடத்தோடு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. "ஒட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார்.